சிவப்புப் பொட்டு வைத்த தோட்டாக்கள்

பிரெஸ்காட், அரிசோனா
12 அக்டோபர் 1957

அன்புள்ள வெர்லா அக்காவுக்கு,

மெரில் எழுதுகிறேன். நானும் யூனிஸும் சுகம். அவளுக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை. மலைக்காற்று சரியாக்கிவிடும் என்று டாக்டர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மொன்டானாவில் இதற்குள் பனி விழுந்திருக்குமே.

அப்பாவின் ரிவால்வரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவரை அடக்கம் செய்துவிட்டு நான் கொண்டுவந்த நாளிலிருந்து அது மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. போன மாதம் ஹோபர்ட்டிடம் கொடுத்துவிட்டேன். இந்த ஊரில் ரிவால்வர் வேலை என்றால் அவர்தான். கலிபோர்னியாவிலிருந்துகூட ஆட்கள் வந்து காத்துக் கிடக்கிறார்கள். புதுக் குழல், புதுக் குறிமுள், வால்நட் மரத்தில் கைப்பிடி, எல்லாம் என் கைக்கு அளவெடுத்துச் செய்கிறார். முப்பத்திரண்டு-இருபது மாதிரிச் சின்னத் தோட்டாவுக்கு இவ்வளவு ஆசையாக வேலை செய்து நாளாயிற்றாம்.

ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாகச் சொன்னார். "துப்பாக்கியோட இரும்புச் சட்டம் பழசுப்பா. இந்தக் காலத்து வெடிமருந்தைக் கண்டபடி போட்டா தாங்காது. உங்கப்பா என்ன அளவு போட்டாரோ, அதையே போடு." நீதானே அப்பாவோடு பட்டறையில் உட்கார்ந்திருப்பாய்? அந்த அளவை எழுதி அனுப்பு. வசந்தத்தில் துப்பாக்கி கிளப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். யூனிஸ் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் தம்பி,
மெரில்

*

லூயிஸ்டவுன், மொன்டானா
9 நவம்பர் 1957

அன்புள்ள மெரில்,

நான் சுகம். முழங்கால் வலிக்கிறது, ஆனால் நடக்கிறது. யூனிஸைத் தேன் கலந்து வெந்நீர் குடிக்கச் சொல். ஆடுகள் நன்றாக இருக்கின்றன.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை இருந்தது என்று எழுதலாம். வேலை இல்லை. படித்ததும் பதில் எழுதப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பட்டறையில் உட்கார்ந்திருக்கவில்லை, தம்பி. பத்தொன்பது வருஷம் அப்பா சுட்ட ஒவ்வொரு தோட்டாவையும் போட்டவள் நான். ஈயம் உருக்கியது நான், மருந்து நிறுத்தது நான். நீ ஒரு தோட்டாவாவது போட்டிருக்கிறாயா? உயிலில் மட்டும் ரிவால்வர் மெரிலுக்கு என்று ஒரே வரி. இப்போது அதற்கு உன் கைக்கு அளவெடுத்துக் கைப்பிடி வேறு.

கேட்டதை இத்துடன் ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன மருந்து, எத்தனை கிரெயின் எடை, என்ன குண்டு, எல்லாம் இருக்கிறது. அதற்கு மேல் ஏற்றாதே. ஹோபர்ட் சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. அவர் சொல்லித்தானா அது உனக்குத் தெரிய வேண்டும்?

குளிருக்கு முன் உன் காருக்கு டயர் மாற்றிவிடு. அங்கே பனியே இல்லையென்றால் மாற்ற வேண்டாம்.

அக்கா,
வெர்லா

*

பிரெஸ்காட்
1 டிசம்பர் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். தேன் வெந்நீர் குடித்து யூனிஸ் நன்றாகத் தூங்குகிறாள். அதற்கு உனக்கு அவளுடைய முத்தம்.

கோபப்பட்டு எழுதியிருக்கிறாய். எனக்குப் புரிகிறது. ஆனால் ரிவால்வரை நான் கேட்டு வாங்கவில்லை அக்கா, அப்பாவாகத்தான் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. கொடுத்தது சந்தோஷமாக இருந்தது என்பதை மட்டும் மறைக்க மாட்டேன்.

வேலை முடிந்துவிட்டது. போட்டோ வைத்திருக்கிறேன், பார். கருநீலத்தில் எப்படி மின்னுகிறது! தோட்டா உருளை சுழலும்போது ஆறு தடவை டிக், டிக் என்று விழும், அதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஹோபர்ட் கடையில் இருந்த இரண்டு பேர் உடனே விலை கேட்டார்கள். அவர், "இது விக்கிறதுக்கில்ல, இவனோட அப்பா துப்பாக்கி" என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஹோபர்ட்டின் பட்டறையிலேயே உன் சீட்டுப்படி ஐம்பது தோட்டா போட்டேன். என் முதல் ஐம்பது.

கிறிஸ்துமஸுக்கு யாராவது உன்னோடு இருக்கிறார்களா? தனியாக இருக்காதே.

மெரில்

*

லூயிஸ்டவுன்
20 டிசம்பர் 1957

மெரிலுக்கும் யூனிஸுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நான் நலம். பக்கத்துப் பண்ணை கோல்ஸ்டட் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். மான் வறுவல் இருக்குமாம், போகிறேன்.

போட்டோ வந்தது. அடுப்பங்கரைச் சுவரில் மாட்டலாம் என்று ஆணியை எடுத்தேன். பிறகு ஆணியை வைத்துவிட்டேன். எனக்கு வயிறு எரிகிறது, மெரில். நாற்பத்தோரு வயதில் இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

கையுறை அனுப்பியிருக்கிறேன்.

வெர்லா

*

பிரெஸ்காட்
2 பிப்ரவரி 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கையுறை சரியாக இருக்கிறது.

நேற்று கிளப்பில் பழகும் சுற்று. ஆறு இரும்புத் தகடுகளை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள், சுட்டு விழத்தட்ட வேண்டும். என் குண்டு முதல் தகட்டில் நன்றாகப் பட்டது. டங் என்று சத்தமும் வந்தது. தகடு கொஞ்சம் ஆடிவிட்டு அப்படியே நின்றது. மூன்று தடவை பட்டது, மூன்று தடவையும் நின்றது. பின்னாலிருந்து ஒருத்தன், "கதவைத் தட்டிட்டு நிக்காதய்யா, உள்ள போ" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மூக்கு உடைந்தது என்றால் அப்படி உடைந்தது.

ஹோபர்ட் என் தோட்டா ஒன்றைப் பிரித்து மருந்தை நிறுத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்குமாம். அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் போயிருக்கும். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "உன் அக்காவுக்கும் உனக்கும் ஏதாவது மனஸ்தாபமா?"

நேராகவே கேட்கிறேன். அளவைக் குறைத்து எழுதினாயா?

மெரில்

*

லூயிஸ்டவுன்
15 பிப்ரவரி 1958

அன்புள்ள மெரில்,

நான் சுகம். இங்கே மைனஸ் முப்பது. யூனிஸின் இருமலுக்கு இங்கே வராமல் இருப்பதே மருந்து.

பழைய சட்டத்துக்குக் குறைந்த அளவுதான் நல்லது. எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் எடுத்துப் பார். நான் ஜாக்கிரதையாக எழுதினேன். தகடு விழாததற்கு நான் என்ன செய்ய? தகட்டை இலேசாகச் செய்யச் சொல்.

வேண்டுமானால் அரை கிரெயின் ஏற்றிக்கொள்.

வெர்லா

*

பிரெஸ்காட்
16 மார்ச் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். ஆடுகள் குட்டி போடும் நேரம், உனக்கு ஓய்வு இருக்காது. சரியாகச் சாப்பிடு.

உன் அரை கிரெயினும் வேண்டாம், கால் கிரெயினும் வேண்டாம். அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். ஏனென்றால் அப்பாவே எனக்கு வழி செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் எடுத்து வந்த அவருடைய மீன் தூண்டில் பெட்டியை நேற்றுத்தான் திறந்தேன். அடித்தட்டில் ஒரு புகையிலை டப்பா. அதில் முப்பத்திரண்டு-இருபது தோட்டா, எண்ணினேன், நாற்பத்தொன்று. அப்பா போட்டதுதான், டப்பா மேல் அவர் கையெழுத்தில் தேதி இருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் துப்பாக்கியின் ஊசி குத்தும் இடத்தில் சிவப்பாகப் பொட்டு வைத்திருக்கிறார். ஹோபர்ட்டிடம் காட்டினேன். அவரும் போட்டிக்கென்று நல்லதாகப் பொறுக்கி எடுத்த தோட்டாக்களுக்கு இப்படித்தான் அடையாளம் வைப்பாராம். "உங்கப்பா இதே துப்பாக்கியில வருஷக்கணக்கா சுட்டதுன்னா பயமில்ல. எதுக்கும் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்றார். ஒரு தடவை கேட்டு நான் பட்டது போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்றைக்கூடப் பழகிப் பார்த்து வீணாக்கப் போவதில்லை. ஏப்ரல் பத்தொன்பது, சனிக்கிழமை, போட்டியில் அப்பாவின் தோட்டாவைத்தான் போடுவேன். இதைக் கேட்டும் உனக்கு வயிறு எரியுமோ என்னவோ. எரிந்தால் எரியட்டும்.

மெரில்

*

லூயிஸ்டவுன்
24 மார்ச் 1958

மெரில்,

அந்த டப்பாவைத் தொடாதே.

அது ரிவால்வர் தோட்டா இல்லை. அப்பாவின் ரைபிளுக்கு நான் போட்டது. இரண்டுக்கும் ஒரே தோட்டா என்பதால் உன் ரிவால்வரிலும் அழகாகப் போய் உட்காரும். ஆனால் உள்ளே இருக்கும் மருந்து ரைபிளின் கனத்த இரும்புக்கு அளந்தது. அந்தப் பழைய சட்டம் தாங்காது. சிவப்புப் பொட்டு பரிசுக்கு இல்லை, எச்சரிக்கைக்கு. ரிவால்வர் தோட்டாவுக்குப் பொட்டே கிடையாது.

நீ நம்ப வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன். உன் சீட்டில் நான் அளவைக் குறைத்துத்தான் எழுதினேன். போட்டியில் நீ அசிங்கப்பட வேண்டும் என்று எழுதினேன். பிப்ரவரியில் எழுதியதும் பொய். இது பொய் இல்லை.

உடனே பதில் போடு. யூனிஸிடமும் காட்டு.

வெர்லா

*

பிரெஸ்காட்
1 ஏப்ரல் 1958

வெர்லாவுக்கு,

நாங்கள் நலம்.

சனிக்கிழமை நீ போன் செய்தபோது நடுவிலேயே வைத்தது தப்புதான். ஆனால் வேறு என்ன செய்வது? ஏன் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய், எப்படித் தெரியும் என்று நான் மூன்று தடவை கேட்டேன். நீ மூன்று தடவையும் வாயை மூடிக்கொண்டாய். அதனால்தான், "ஏன் அக்கா, அப்பாவோட தோட்டா எனக்குக் கிடைச்சது உனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்.

நீயே யோசித்துப் பார். அக்டோபரில் அளவு கேட்டேன், பொய் எழுதினாய். பிப்ரவரியில் கேட்டேன், அதற்கும் பொய். இப்போது அவை பொய், இது மட்டும் நிஜம் என்கிறாய். அடுத்த மாதம் இதையும் பொய் என்று எழுத மாட்டாய் என்று என்ன நிச்சயம்? டப்பா மேல் இருப்பது அப்பா கையெழுத்து. ரைபிளுக்கென்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அவர் முப்பது வருஷம் சுட்டவர், ஒரு விபத்து உண்டா? என் காதில் பூச்சுற்றாதே.

பத்தொன்பதாம் தேதி சுடுவேன். உனக்கும் அன்று நல்ல நாளாக இருக்கட்டும்.

மெரில்

*

லூயிஸ்டவுன்
10 ஏப்ரல் 1958

அன்புள்ள மெரில்,

நான் சுகமாக இல்லை. நீ போனை வைத்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. நீயும் யூனிஸும் சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். இங்கே ஏழு வீட்டுக்கும் ஒரே போன் லைன், யார் எடுத்தாலும் கேட்கும். கோல்ஸ்டட் அம்மா ரிசீவரை எடுத்துவைத்துக்கொண்டு மூச்சு விடுவது எனக்குக் கேட்கும். அதை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

இந்தப் பார்சலில் ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. எடுத்து மேசை மேல் வை. அது ஒரு தோட்டா உருளையின் பாதி. மூன்று அறைதான் இருக்கிறது. நடு அறை பிளந்து, அதில் பித்தளை ஒட்டிப் போயிருக்கிறது. அப்பாவின் முதல் ரிவால்வர் அது. அதை மாற்றி வேறு வாங்கினார் என்று உன்னிடம் சொன்னோம். மாற்றவில்லை. நான் உடைத்தேன்.

1938, ஆகஸ்ட். அன்று காலை கொட்டகைக்குப் பின்னால் நாம் மூன்று பேரும் டப்பா வைத்துச் சுட்டது உனக்கு நினைவிருக்கலாம். உனக்குப் பதினாறு. நீ ஆறுக்கு ஆறு அடித்தாய், நான் நாலு. அப்பா உன் தோளில் தட்டினார். என் தோளில் அவர் ஒரு நாளும் தட்டியதில்லை. நீ ரொட்டி வாங்க ஊருக்குப் போய்விட்டாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரைபிளுக்கு நான் போட்டு வைத்திருந்த தோட்டாவை எடுத்து ரிவால்வரில் போட்டேன். உன் டப்பாக்களை விட என் டப்பா தூரம் பறக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அப்பா என் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தார். என்ன போட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

அப்பாவின் இடது கண்ணை வேலிக் கம்பி எடுத்துவிட்டது என்றுதான் உனக்குத் தெரியும். ஊருக்கும் அப்படித்தான் தெரியும். வேலிக் கம்பி இல்லை மெரில். நான்தான். பறந்த துண்டு அவர் கண்ணில் பட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அவர் கைக்குட்டையைக் கண்ணில் அழுத்திக்கொண்டு நின்றார். நான் கத்திக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கத்தாத. வேலிக் கம்பி அறுந்து அடிச்சிருச்சு. கேக்குதா? மெரில் வந்தாலும் அதான், டாக்டர்கிட்டயும் அதான். வேலிக் கம்பி." ஒற்றைக் கண்ணோடு அவரே லாரியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மறுவாரம் என்னிடம் நகப்பூச்சு இருக்கிறதா என்று கேட்டார். என்னிடம் ஒரே ஒரு புட்டி இருந்தது. அதை வாங்கி, வீட்டிலிருந்த ரைபிள் தோட்டா அத்தனைக்கும் அவர் கையாலேயே பொட்டு வைத்தார். அன்றிலிருந்து அப்படித்தான். பிறகு உன்னிடம் இருக்கிற ரிவால்வரை வாங்கினார். பத்தொன்பது வருஷம் அதற்கு நான் தோட்டா போட்டேன். ஒரு தடவைகூட அதை என் கையில் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. உனக்கு ஏன் கொடுத்தார் என்று தெரியாது என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உன்மேல் எரிந்துகொண்டிருந்தேன்.

துண்டை ஹோபர்ட்டிடம் காட்டு. டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவைப் பிரித்து அவரை நிறுக்கச் சொல். என்னை நம்ப வேண்டாம், தராசை நம்பு.

அப்பாவின் சரியான அளவு இந்தச் சீட்டில் இருக்கிறது. இந்தத் தடவை குறைக்கவில்லை.

வெர்லா

*

பிரெஸ்காட்
20 ஏப்ரல் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். என் இரண்டு கண்ணும் பத்து விரலும் இருக்கின்றன. முதலில் நீ சாப்பிடு.

பார்சல் புதன்கிழமை வந்தது. துண்டை ஹோபர்ட்டிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்புத் தோட்டா ஒன்றைப் பிரித்துத் தராசில் போட்டார். முள் போன இடத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் ஒரு சிகரெட்டை முழுசாகப் பிடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். "சரிதான்னு நானும் தலையாட்டினேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றையும் உட்கார்ந்து பிரித்தோம். போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன்.

நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைப்பாய். இரண்டு நாள் இருந்தேன். அப்பாவின் கண்ணை நினைத்து இல்லை. அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீ உன் வெட்கத்தையெல்லாம் எழுதிவிட்டாய், நான் எழுதாமல் இருந்தால் நியாயமில்லை. பத்தொன்பது வருஷம் அப்பா என்னிடம் மழையைப் பற்றிப் பேசினார், ஆட்டு விலையைப் பற்றிப் பேசினார். கண்ணைப் பற்றிக் கேட்டால் வேலிக் கம்பி என்பார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் பட்டறையில் ஒன்றும் பேசாமல் தோட்டா போட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் உள்ளே வந்தால் இரண்டு பேரும் நிமிர்ந்து பார்ப்பீர்கள். அந்த அறையில் எனக்கு இடமே இருந்ததில்லை. எனக்குக் கொடுத்தது ஒரு ரிவால்வர். உனக்குத்தான் அவர் வாயைத் திறந்திருக்கிறார். எனக்கு இப்போது வயிறு எரிகிறது அக்கா. நன்றாகவே எரிகிறது.

ரிவால்வரை உனக்குத் தரமாட்டேன். அதை எதிர்பார்க்காதே.

குட்டிகளைக் கோல்ஸ்டட் வீட்டில் யாரிடமாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மே மாதம் கிளம்பி வா. யூனிஸ் முன் அறையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டாள். உன் புதுச் சீட்டின்படி ஆறு தோட்டா போட்டு வைத்திருக்கிறேன். ஹோபர்ட் நிறுத்துப் பார்த்து, சட்டத்துக்கும் சரி, தகட்டுக்கும் சரி என்றார். அந்த ஆறையும் நீதான் சுட வேண்டும்.

நான் உன் பக்கத்தில் நிற்க மாட்டேன். பின்னால் நிற்பேன்.

மெரில்